விற்காத குரல்

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியவள் இன்றைக்கு மத்தியானம் என்ன செய்துகொண்டிருப்பாள்? பையில் நைட்டியும் துண்டும் எவர்சில்வர் டம்ளரும் எடுத்து வைப்பாள், பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து வைப்பாள், மாவு ஆட்டி ஃபிரிட்ஜில் நிரப்புவாள். சாரதாமணி அதையெல்லாம் காலையிலேயே ஒரு கை பார்த்துவிட்டு, மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெங்காயம் ஆச்சு, தக்காளி ஆச்சு, பூண்டு ஆச்சு, முருங்கைக்காய் போன வாரமே சொல்லி வைத்தாச்சு. லேப்டாப் திரையில் வரிவரியாகப் பச்சை அலைகள், ஒவ்வொரு அலையும் அவள் தொண்டையிலிருந்து வந்த ஒரு சொல். ஈரோட்டைச் சுற்றி எந்தத் தெருவில் எந்தக் குட்டியானை வண்டி நுழைந்தாலும் அதன் தலையில் கட்டிய குழாயில் பேசுவது அவள்தான். "சின்ன வெங்காயம், சின்ன வெங்காயம், நாட்டு வெங்காயம்மா, உரிச்சாத்தான் தெரியும் அதோட வீரியம்" என்று விடிந்தும் விடியாததுமாக ஊரை எழுப்புகிற அந்தக் கணீர்க் குரலுக்குச் சொந்தக்காரி, சூரம்பட்டியில், சுவரெல்லாம் பெட்ஷீட் தொங்கவிட்ட ஒரு அறையில், இவ்வளவு ஒல்லியாக இருப்பாள் என்று யாருக்குத் தெரியும். தெரியவே வேண்டாம், சரக்கு விற்றால் சரி. கீழே மாடிப்படிக்கு அடியில் அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலு வண்டிகளுக்கு ஆம்ப்ளிஃபயர் மாட்டிக் கொடுப்பார், மேலே இவள் குரல் ஏற்றிக் கொடுப்பாள். இன்றைக்கு அவர் ரூம் பேசிவிட்டு வர ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கீழே ஷட்டர் போட்டிருக்கிறது, தெருவில் ஒரு சத்தம் இல்லை, இந்த மாதிரி மத்தியானம் பதிவுக்கு லட்டு மாதிரி. புளி. புளி சொன்னோமா? சொன்னோம், தனியாகவும் சொன்னோம், "கொட்டை எடுத்த புளி" என்று சேர்த்தும் சொன்னோம். சாரதாமணியா கொக்கா.

தொண்டையில் கை தானாகப் போனது. கட்டி அங்கேதான் இருந்தது, எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்கியது, வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறவன் மாதிரி. கெட்ட கட்டி இல்லை என்று ஊசி போட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், ஆனால் வளர்கிறது, எடுத்துவிடுவது நல்லது. டாக்டர் தங்கமான மனுஷன், ஒரு பேனாவை எடுத்துத் தாளில் படம் போட்டே காட்டினார். "இதுக்குப் பின்னாடி குரலுக்குப் போற நரம்பு ஒண்ணு இருக்கும்மா, நூல் கனம்தான். அதை ஒதுக்கி வச்சுட்டுத்தான் கட்டியை எடுப்போம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் குரல் கொஞ்சம் கரகரப்பாயிடும். உச்சத்துல கத்தறது முடியாமப் போகலாம். நீங்க என்ன வேலை பண்றீங்க?" சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அட, அது நீங்களா? தினம் காலையில எங்க தெருவுல வருவீங்களே!" என்று சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மறுபடியும் அந்தப் படத்தையே பார்த்தார். அவர் சிரித்தது பயமாக இல்லை. நிறுத்தினாரே, அதுதான் பயமாக இருந்தது. பெரும்பாலும். பெரும்பாலும் என்றால் எவ்வளவு? கிலோவுக்கு எத்தனை சொத்தை? வெங்காயம் வாங்குகிறவள்கூட மூட்டையில் கையை விட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறாள், இந்தப் பெரும்பாலும் என்கிற மூட்டைக்குள் எப்படிக் கையை விடுவது? சரி போகட்டும், வெசனப்பட்டு என்ன ஆகப்போகிறது, கெரகம். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் எல்லா எண்ணும் சொல்லி வைத்தாயிற்று, காய்கறி அத்தனையும், பழம் அத்தனையும், பெருந்துறை, பவானி, சிவகிரி என்று ஊர்ப் பேர் அத்தனையும். குரல் போனாலும் சொல் இருக்கிறது. எடுத்துக் கோத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். கடை நிற்காது.

கோக்கிற வித்தையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த லேப்டாப் நாத்தனார் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அவன் படித்து முடித்து பெங்களூருக்குப் போய்விட்டான், இது இங்கே வந்து சேர்ந்தது. கிழடு. பெரிய சாஃப்ட்வேர் எதையாவது ஏற்றினால் மின்விசிறி பறந்துவிடும் போல இரைந்து, சூடாகி, அப்படியே நின்றுவிடும். ஃப்ளெக்ஸ் கடை தண்டபாணி அண்ணன் வந்து, "அக்கா, லட்ச ரூபா சாஃப்ட்வேர், பூட்டை ஒடச்சுக் குடுத்துடறேன்" என்றார். அடுத்தவன் வீட்டுப் பூட்டை உடைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வீடு விசாலமாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன பெருமை? வேண்டாமுங்கண்ணா என்றுவிட்டாள். அப்புறம்தான் தேட ஆரம்பித்தாள். கிழட்டு லேப்டாப்புக்கு எது தாங்கும், காசு கேட்காதது எது, குட்டியூண்டு இருப்பது எது என்று தேடித்தேடிப் போனால், அட சாமி, அது ஒரு தனி உலகம்! எங்கேயோ குளிர்தேசத்தில் ஒருத்தன் உட்கார்ந்து ஒரே ஒரு வேலை செய்கிற ஒரு சாமானைச் செய்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே வைத்துவிட்டுப் போயிருப்பான். ஒரு கல்யாண போட்டோ பிடிக்கிற இடம்கூடப் பிடிக்காது. கீழே எழுதியிருப்பான், மகள் மிதுனா படித்துச் சொல்வாள்: "மழை பெய்ததால் வெளியே போக முடியவில்லை, அதனால் இதைச் செய்தேன். எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்." யாரப்பா நீ, சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும் போல இருக்கும் சாரதாமணிக்கு. அவன் வைத்த பேர் வாயில் நுழையாது, அதனால் எல்லாவற்றுக்கும் அவளே பேர் வைத்தாள். எந்த எழுத்தையும் இழுத்துக்கொண்டே போகிறதற்குப் பேர் நீட்டி. ஒரு சொல்லைப் பொடிப்பொடியாக்கி இறைக்கிறது தூவி. இன்னொன்று இருக்கிறது, படத்தைக் கொடுத்தால் சத்தமாக மாற்றும், அவளுடைய ஆதார் போட்டோவைக் கொடுத்துப் பார்த்தாள், பாத்திரத்தைத் தகரத்தால் தேய்த்த மாதிரி ஒரு கத்து கத்தியது, அம்மாவும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒன்றுக்குச் சேமிக்கிற பொத்தானே கிடையாது, செய்யலாம், கேட்கலாம், மூடினால் போச்சு. அதையும் அவள் விட்டுவைத்தாள், பாவம் என்று.

உப்புக்காரர் கதையை நினைத்தால் இன்றைக்கும் தெம்பு வரும். மற்ற வண்டிக்காரர் எல்லோருக்கும் ஒரே மாதிரி, வந்துருச்சு வந்துருச்சு என்று கத்தவேண்டும். இவருக்குத்தான், உப்பு என்ற ஒரு சொல்லைத் தூவியில் போட்டு உருட்டிப் பார்த்தாள். உப்பு உடைந்தது, உ தனியாக, ப் தனியாக, ப்ப்ப்பு என்று, முற்றத்தில் கல்லுப்பைக் கொட்டினால் சிதறுமே, அப்படியே தெருவெல்லாம் சிதறியது. கடைசியில் நீட்டியை வைத்து ஒரு உகரத்தை இழுத்து, சங்கு ஊதுகிற மாதிரி மெதுவாக அடக்கினாள். கேட்டுவிட்டு உப்புக்காரர் முகம் சுண்டிப்போனது. "அம்மிணி, மிஷின் ஏதோ ரிப்பேருங்களா?" என்றார். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, பிடிக்கலைன்னா பழசை ஏத்தித் தர்றேன்" என்றாள், அவ்வளவு உறுதி அவளுக்கு. ஒரு வாரம் கழித்து மனுஷன் இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார். என்ன சத்தம் இது என்று பார்க்கவே எல்லா வீட்டிலும் வாசலுக்கு வந்திருக்கிறார்கள், வந்தவர்கள் சும்மாவா திரும்புவார்கள், ஆளுக்கு ஒரு பாக்கெட். தெருப்பிள்ளைகள் ப்ப்ப்பு ப்ப்ப்பு என்று கத்திக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடினார்களாம். மழைக்கு வீட்டில் உட்கார்ந்து தூவியைச் செய்த அந்த முகம் தெரியாதவனுக்கு, உன் சாமானை வைத்து நான் உப்பு விற்றேன் என்று மிதுனாவை விட்டு எழுதச் சொன்னாள். அவன் பதில் எழுதினான், வெறும் சிரிப்பு முகமாக ஒரு வரி முழுக்க. குரல் என்பது தொண்டையில் மட்டுமா இருக்கிறது, கையிலும் இருக்கிறது, காதிலும் இருக்கிறது. நரம்பு நூலாக இருந்தால் என்ன, கம்பியாக இருந்தால் என்ன. அப்படி நினைத்தபோதே கை மறுபடியும் கழுத்துக்குப் போயிருந்தது, சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. அப்பாஸ் அண்ணன், கருங்கல்பாளையத்துப் பூண்டு வியாபாரி. "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. பூண்டு ரேட்டு மாறிப்போச்சு. அந்த ரேட்டை மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா..." "அதுக்கென்னங்கண்ணா, இப்பவே அனுப்பறேன்" என்றாள். "பழைய கொரலு புதுக் கொரலு கலந்துராமப் பாத்துக்குங்க்கா" என்று அவர் சிரித்தார். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. இந்தத் தொழிலில் மட்டும் நடக்கிற கூத்து அது. வாசகம் போன வருஷம் சொன்னது, எண் மட்டும் தொழில் தொடங்கிய புதிதில் சொன்னது, இரண்டையும் ஒட்டி அனுப்பிவிட்டாள். "மலைப்பூண்டும்மா மலைப்பூண்டு, கால் கிலோ" வரைக்கும் நாற்பது தாண்டியவள், "ஐம்பதே ரூபாய்" என்ற இடத்தில் திடீரென்று முப்பது வயதுக்காரி. பூண்டு வாங்க வந்தவர்கள், உள்ளே எத்தனை பொம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்களாம். இனி அது நடக்காது, எல்லாவற்றையும் இந்த மாசத்துக் குரலில் சொல்லி வைத்தாயிற்று. புது விலைக்கான எண்ணை எடுத்தாள், வைத்தாள், தையல் தெரியவில்லை, அனுப்பிவிட்டாள். "சூப்பருங்க்கா. நல்லபடியா வாங்க, துவா பண்றேன்" என்று பதில் வந்தது. ஒருத்தர் முடிந்தது. பேசாமலேயே பூண்டு விற்றுவிட்டாளே! இப்படியே ஓட்டிவிடலாம். பென் டிரைவைச் சொருகினாள், எல்லாவற்றையும் இழுத்துப் போட்டாள், நீலக்கோடு நகர ஆரம்பித்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வந்தது என்பது பொய், காலையிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது, இவள்தான் வெங்காயத்தைத் தூக்கி அதன் மேல் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் குரலைச் சோதிக்க வேண்டுமென்று நேற்று அந்தப் பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவளாம். மைக்கை முன்னால் வைத்து, "உங்க பேரு, ஊரு, இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க, சாதாரணமாச் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். சாரதாமணி சொன்னாள். "நான் சாரதாமணி, ஈரோடு சூரம்பட்டி, காலையில ரெண்டு இட்லி!" அந்தப் பெண் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "ஆன்ட்டி, இட்லி விக்கிற மாதிரி இருக்கு. வீட்டுல பேசற மாதிரிப் பேசுங்க." மறுபடியும் பேசினாள், மறுபடியும் அதே. மைக்கைக் கண்டதும் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது, வயிறு இறுகுகிறது, சொல் நெஞ்சிலிருந்து எழும்பி மண்டைக்குப் போய் கணீரென்று வெளியே வருகிறது. எத்தனை தடவை முயன்றாலும் இட்லி வியாபாரம்தான். கடைசியில் அந்தப் பெண், "பரவால்ல ஆன்ட்டி. வீட்டுல நீங்க சும்மா பேசின பழைய ரெக்கார்டிங் ஏதாவது இருந்தா அட்மிட் ஆக வரும்போது கொண்டாங்க. ஒருவேளை அப்புறம் பயிற்சி தேவைப்பட்டா, எந்தக் குரலுக்குத் திரும்பிப் போகணும்னு எனக்குத் தெரியணும் இல்லையா?" என்றாள். இது ஒரு பெரிய விஷயமா கண்ணு, என்கிட்ட இல்லாத ரெக்கார்டிங்கா என்று ஜம்பமாகத்தான் சொல்லிவிட்டு வந்தாள். வந்து நேற்று சாயங்காலமே ஒன்றைத் திறந்தாள், மூடினாள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துவிட்டாள். இதோ அந்த நாளைக்கு வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் மிதுனா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள், திறந்துதான் பார்ப்போமே என்று பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அரிசி. கோலமாவு. பழைய இரும்பு, பழைய பேட்டரி. நடுவில் நிச்சயம் பேசியிருப்பாள், அவள் வாய் சும்மா இருக்கிற வாயா? பதிவுக்கு நடுவில்தானே குக்கர் விசில் அடிக்கும், "பாப்பா, அடுப்பை அணை" என்று மிதுனாவிடம் கத்துவாள். பதிவுக்கு நடுவில்தானே தும்முவாள், குழந்தைவேலு மேலே வந்து ஸ்பேனர் எங்கே என்று கேட்பார், "கண்ணுக்கு முன்னாடியேதான் இருக்கும் உங்களுக்கு" என்பாள். எங்கே அது? அரிசி முடிந்ததும் அரிசி. கோலமாவு முடிந்ததும் கோலமாவு. நடுவில் தும்மல் இல்லை, ஸ்பேனர் இல்லை, பாப்பா இல்லை.

வெட்டி. அவளே பேர் வைத்த முதல் சாமான், செல்லச் சாமான், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட சாமான். பதிந்ததை அதற்குள் போட்டால் போதும், எது அறிவிப்போ அதை வைத்துக்கொள்ளும், மூச்சு, இருமல், நாற்காலி நகர்கிற சத்தம், தெருநாய், தணிந்து பேசுகிற எதுவானாலும் சரி, கத்தரித்து எறிந்துவிடும். சுத்தமான சரக்கு. இத்தனை வருஷமாக ஒவ்வொரு பதிவையும் அதற்குள் போட்டுச் சலித்து, சலித்ததை வைத்துக்கொண்டு, அசலை இடம் அடைக்கிறதென்று அழித்துவிட்டாள். தானே. ஒவ்வொரு நாளும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது இருக்குமே என்றால், அதுவும் இல்லை, ஒருமுறை சொந்தபந்தம், ஒரம்பரைக் கூட்டத்துக்கு வளைகாப்பு அழைப்பைப் பேசி அனுப்பினாள், கோலமாவு வண்டி வந்துருச்சு என்று அத்தனை பேரும் கேலி செய்தார்கள், அன்றிலிருந்து எழுத்துத்தான். கல்யாண வீடியோ? அதில் முழுக்கப் பாட்டுத்தான், தாலி கட்டும்போதுகூடப் பின்னால் எவனோ பாடிக்கொண்டிருக்கிறான். சரி, இப்போது பேசிவிட்டால் போகிறது, வாயா இல்லை? எழுந்து வழக்கம்போல் பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டாள், சேலை எதிரொலியைக் குடித்துவிடும், பத்து வருஷமாக அவளுடைய ஸ்டுடியோ அதுதான். "பாப்பா, அடுப்பை அணை" என்றாள். கேட்டுப் பார்த்தாள். அடுப்பு விற்றுக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஸ்பேனர் அங்கதான் இருக்கும்." ஸ்பேனர் விற்றாள். திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி மினுக்கியதுமே எங்கிருந்தோ அந்தக் கணீர்க்காரி எழுந்து வந்து இவளை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றுகொள்கிறாள். பயம் வந்தது. ஒருவேளை இன்னொருத்தி இல்லவே இல்லையோ. பேசிப் பேசி அவளும் தேய்ந்து போயிருந்தால்? அப்படி ஒருத்தி மிச்சம் இருந்தாலும், நாளைக்குக் கத்தியோடு அவள்தானே போவாள், யாருக்கும் தெரியாமலே. வெங்காயம் விற்கிறவளை நூறு விதமாகச் சேமித்தாயிற்று. பெற்ற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறவளுக்கு ஒரு சொல் இல்லை. அடி பாவி, சாரதாமணி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்.

சேலைகளுக்குள்ளேயே கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கற்பூர வாசனை, பழைய பட்டு வாசனை. பிறகு நிமிர்ந்தாள். அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஜென்மம் இல்லை இது. சிவப்புப் புள்ளிதானே தொல்லை? புள்ளி இல்லாத சாமான் ஒன்று இருக்காதா? இந்த உலகத்தில் எத்தனை ஊரில் எத்தனை மழை பெய்கிறது, எத்தனை பேர் வேலையத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒருத்தனுக்குக்கூடவா இந்தத் தொல்லை வந்திருக்காது? வழக்கமாகப் போகிற அந்தப் பக்கத்துக்குப் போனாள், குட்டிச் சாமான்களை எல்லாம் கொட்டி வைத்திருக்கிற சந்தைக்கடை அது. தெரிந்த இங்கிலீஷில் தட்டினாள். பொத்தானை அமுக்காமல் பதிவு. வந்ததெல்லாம் பெரிய பெரிய கம்பெனிச் சாமான். மாற்றித் தட்டினாள். பேசி முடித்த பிறகு பதிவு. அதைத் தட்டும்போதே சிரிப்பு வந்தது, எந்தக் கிறுக்கனாவது இப்படி ஒன்றைக் கேட்பானா? ஒரு கிறுக்கன் இருந்தான். இரண்டாம் பக்கத்தின் அடியில், படம்கூட இல்லாமல், சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு சதுரம். கீழே எழுதியிருந்ததை ஃபோனில் காட்டித் தமிழாக்கிப் படித்தாள். "நான் கிட்டார் வாசிப்பவன். பதிவு செய்கிறேன் என்று தெரிந்தால் என் விரல்கள் மடையனுடையவை ஆகிவிடுகின்றன. இது எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும், கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும், மற்றதை மறந்துவிடும். நல்லது ஏதாவது நடந்துவிட்டால், நடந்த பிறகு சதுரத்தைத் தொடுங்கள். சோதனை முயற்சிதான், எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம்." அட என் ராசா! சாரதாமணி வாய்விட்டே சொன்னாள். இறக்கினாள், ஒரு நொடி, அவ்வளவு சின்னது. திறந்தாள். சிவப்பு இல்லை, அலை இல்லை, ஓடுகிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. சாம்பல் சதுரம் சும்மா இருந்தது. சும்மா இருக்கிறதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? பென் டிரைவில் எல்லாம் ஏறிவிட்டதா என்று பார்த்தாள், பெட்ஷீட் ஒன்று கழன்று தொங்கியது, ஸ்டூலைப் போட்டு ஏறி அதை மாட்டினாள், மாட்டும்போது சதுரத்தை மறந்துபோனாள்.

கதவை இடித்துக்கொண்டு மிதுனா உள்ளே வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள், அம்மாவைவிட அரையடி உயரம், வந்ததும் பையைத் தரையில் எறிந்துவிட்டுக் கட்டிலில் விழுவாள். விழுந்தாள். "ஷூவோட படுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? எறங்கு. டப்பாவைக் காட்டு. இதென்ன, பாதி அப்படியே இருக்குது? காலையில எந்திரிச்சு எவளோ செஞ்சு குடுக்கறா, நீ நாய்க்குப் போடற மாதிரித் திருப்பிக் கொண்டாறே." "பசிக்கலம்மா." "ஏன் பசிக்கல? அந்த பானிபூரியா?" "இல்லம்மா." மிதுனா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாரதாமணி ஸ்டூலிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். வேர்த்த சாக்ஸ் நாற்றம், கோணல்மாணலாக வளர்ந்த கட்டைவிரல், அப்படியே குழந்தைவேலு. "மாவு ஆட்டி வச்சிருக்கேன். அப்பாவுக்குத் தோசை நீதான் ஊத்தணும், அவருக்கு விட்டா அடுப்பைப் பத்த வைக்கவே அரைமணி ஆகும். ஊத்திட்டு கேஸை மூடு, மறந்துறாதே." மிதுனா தலையணையை இழுத்து முகத்தின் மேல் வைத்துக்கொண்டாள். "என்ன கண்ணு?" "நாளைக்கப்புறம் நீ பேசமாட்டியா?" "யார் சொன்னது? ரெண்டு நாளைக்குத் தொண்டைக்கு ஓய்வு குடுக்கச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். உனக்கு ஜாலிதானே, திட்டு மிச்சம்." "கரகரன்னு ஆயிடும்னு அப்பா ஃபோன்ல யாருகிட்டயோ சொல்லிட்டு இருந்தாரு." "ஆனா ஆயிட்டுப் போகுது. சாகவா போறேன்? வெசனப்படாதே சாமி. இங்க பாரு. இந்தப் பக்கம் திரும்பு. மூக்கைத் துடை, ஐயே, யூனிஃபார்ம்லயா துடைப்பே, கழுதை." மிதுனா அழுகையோடு சிரித்துவிட்டாள். சாரதாமணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பியவள் சாம்பல் சதுரத்தைப் பார்த்தாள், ஐயோ என்று எழுந்து ஒரே தாவாகத் தாவி அதைத் தொட்டாள். சதுரம் ஒரு தடவை வெளுத்து, மறுபடியும் சாம்பலானது.

"என்னம்மா அது?" "பேசாதே, இரு." கேட்பதற்குப் பொத்தானைத் தேடி அமுக்கினாள். முதலில் ஸ்டூல் இழுபடுகிற சத்தம், பெட்ஷீட் சரசரப்பு, கதவு. அப்புறம் யாரோ ஒருத்தி மிதுனாவைத் திட்டினாள். யார் இது? தணிந்த, அடிபட்ட குரல், ஒவ்வொரு சொல்லின் வாலிலும் மணல் ஒட்டியிருந்தது, 'கண்ணு' என்று சொல்லும்போது பாதியில் உடைந்து காற்றாகப் போனது. கணீர் என்பது மருந்துக்குக்கூட இல்லை. சாரதாமணி கிழட்டு லேப்டாப்பின் ஸ்பீக்கரைத் தட்டினாள், வயரை ஆட்டினாள், திரும்பவும் போட்டாள். அதே மணல். டாக்டர் படம் போட்டுக் காட்டிப் பயமுறுத்தினாரே, அதே கரகரப்பு, கத்தி இன்னும் கழுத்தில் படக்கூட இல்லை. "இதென்ன பாப்பா இப்படிக் கேக்குது? சாமான்ல ஏதாவது கோளாறா?" மிதுனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள். "கோளாறெல்லாம் இல்ல. நீ எப்பவும் இப்படித்தாம்மா பேசுவே." "எப்பவுமா?" "எனக்கு வெவரம் தெரிஞ்சதிலிருந்து. வண்டியில வர்றதுதான் வேற யாரோ மாதிரி இருக்கும்." சாரதாமணி கட்டிலில் மகளை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். போய்விடுமோ என்று பயந்த குரல் எது, வந்துவிடுமோ என்று பயந்த குரல் எது, இத்தனை நாள் இந்தப் பிள்ளை எதைக் கேட்டு வளர்ந்தது. நெஞ்சு லேசாகிவிட்டது.

"மறுக்கா ஒரு தடவை போடு பாப்பா" என்றாள். "நானே இப்பத்தான் கேக்கறேன்."